துணைவலைகளுக்கு இடையே வலைவழித் தொடக்கம்: கோளாறும் தீர்வும்

வலைவழித் தொடக்கம் என்பது, கணினி தன் வன்தட்டிலிருந்து அல்லாமல் வலையமைப்பில் உள்ள வழங்கியிலிருந்து இயக்குதளத்தைப் பெற்றுத் தொடங்கும் முறையாகும். வன்தட்டு பழுதான பழைய கணினிகளை வைத்து ஆய்வகம் நடத்தும் பள்ளிகளுக்கு இது பெரிதும் உதவும். 1999-இல் தொடங்கிய எல்டிஎஸ்பி என்னும் லினக்ஸ் திட்டம் இந்த முறையில் அமைந்ததே. வழங்கியும் கணினிகளும் ஒரே துணைவலையில் இருக்கும்வரை சிக்கல் குறைவு. வெவ்வேறு துணைவலைகளில் இருந்தால், கணினிகள் கறுப்புத் திரையோடு நின்றுவிடுவது வழக்கம். பாடவேளையும் அதோடு போய்விடும்.

விளக்கத்துக்காக, திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் உள்ள புதூர்நாட்டை எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு பள்ளியில் 20 கணினிகள் 192.168.20.0 என்னும் துணைவலையில் இருப்பதாகவும், அவற்றுக்கான வழங்கி கீழே திருப்பத்தூரில் 192.168.10.5 என்னும் முகவரியில் இருப்பதாகவும், இரண்டையும் திசைவிகள் இணைப்பதாகவும் வைத்துக்கொள்வோம்.

இயங்கும் விதம்

கணினியை இயக்கியதும் அதன் வலை அட்டையில் உள்ள பிஎக்ஸ்இ நிரல் விழித்துக்கொள்கிறது. இன்டெல் நிறுவனம் வகுத்த இந்த முறையின் 2.1 பதிப்பு 1999-இல் வெளிவந்தது. அப்போது கணினிக்குத் தன் ஐபி முகவரியும் தெரியாது, வழங்கியின் முகவரியும் தெரியாது. ஆகவே டிஎச்சிபி நெறிமுறைப்படி "யாரேனும் முகவரி தாருங்கள்" என்று துணைவலை முழுவதற்கும் கூவி அழைக்கிறது. முகவரியோடு, தொடக்கக் கோப்பின் பெயரும் அது இருக்கும் வழங்கியின் முகவரியும் விடையாக வரும். பின் டிஎஃப்டிபி நெறிமுறை மூலம் அக்கோப்பை இறக்கிக்கொள்கிறது.

சிக்கலின் வேர் முதல் அடியிலேயே இருக்கிறது. பொது அழைப்பை எந்தத் திசைவியும் தானாக அடுத்த துணைவலைக்கு அனுப்பாது. அனுப்பினால் ஒவ்வோர் ஊரின் கூச்சலும் எல்லா ஊருக்கும் கேட்கும். எனவே அழைப்பைக் கேட்டு, குறிப்பிட்ட வழங்கிக்கு நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அஞ்சல் முகவர் ஒன்று திசைவியில் வேண்டும். 1985-இல் வந்த பூட்பி நெறிமுறையிலேயே இதற்கென ஒரு புலம் ஒதுக்கப்பட்டது. அதில் முகவர் தன் முகவரியை எழுதி அனுப்பும். அழைப்பு எந்தத் துணைவலையிலிருந்து வருகிறது என்பதை வழங்கி அதைப் பார்த்தே அறிகிறது.

முகவரி கிடைக்காதபோது

திரையில் "இ51" என்ற பிழை எண் தோன்றினால், எந்த டிஎச்சிபி விடையும் வரவில்லை என்று பொருள். யுஇஎஃப்ஐ வகைக் கணினிகளில் இதுவே "இ16" எனத் தோன்றும். முதலில் பார்க்க வேண்டியது முகவரை. அதை வழங்கிப் பக்கத்து இடைமுகத்தில் அமைத்துவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவோர் பலர். அது கணினிகள் இருக்கும் பக்கத்து இடைமுகத்தில், அதாவது புதூர்நாட்டுத் திசைவியின் உள்பக்கத்தில், இருக்க வேண்டும்.

முகவர் சரியாக இருந்தும் விடை வராவிட்டால் வழங்கியின் பதிவேட்டைத் திறந்து பார்க்க வேண்டும். அழைப்பு வந்த தடயம் இருந்தால், 192.168.20.0-க்கு முகவரித் தொகுதி வகுக்கப்படாமல் இருக்கலாம். அல்லது வழங்கிக்கு மலைக்குத் திரும்பும் வழி தெரியாமல் இருக்கலாம். தடயமே இல்லை என்றால் கோளாறு வழியில் இருக்கிறது.

இன்னொரு காரணம் எளிதில் ஏமாற்றிவிடும். சுவிட்ச்சில் ஸ்பேனிங் ட்ரீ இயங்கினால், கணினி இணைந்த வாயில் திறக்கச் சுமார் 30 விநாடி ஆகும். அதற்குள் கணினி கூவிக் களைத்து ஓய்ந்துவிடலாம். கணினிக்கும் சுவிட்ச்சுக்கும் நடுவே சாதாரணச் சிறு சுவிட்ச் ஒன்றைச் செருகிப் பார்த்தால் உண்மை தெரியும். அப்போது தொடங்கினால், அந்த வாயில்களுக்கு உடனடித் திறப்பை அமைத்துவிடலாம்.

கோப்பு வராதபோது

முகவரி கிடைத்தபின் வரும் பிழைகளுக்கு முகவரைக் குறை சொல்வதில் பயனில்லை. இதற்குமேல் கணினி வழங்கியோடு நேரடியாகப் பேசுகிறது. "இ53" என்றால் கோப்பின் பெயர் வரவில்லை. "இ11" என்றால் அருகில் இருக்க வேண்டிய முகவரி விடை தரவில்லை. துணைவலை மறைப்பானை 255.255.255.0 என்பதற்குப் பதில் 255.255.0.0 எனக் கொடுத்திருந்தால் இது நேரும். அப்போது கணினி திருப்பத்தூர் வழங்கியும் தன் துணைவலையிலேயே இருப்பதாக எண்ணி, திசைவியை நாடாமல் அங்கேயே தேடிக்கொண்டிருக்கும்.

"இ32" என்பது டிஎஃப்டிபி விடைக்குக் காத்து ஓய்ந்ததைக் குறிக்கும். இங்கே தீயரணைச் சந்தேகிக்கலாம். கோரிக்கை 69-ஆம் எண் வாயிலுக்குப் போகும். ஆனால் விடையோ வேறோர் எண்ணிலிருந்து வரும். ஆகவே 69-ஐ மட்டும் திறந்து வைத்தால் போதாது. டிஎஃப்டிபியை அறிந்து அந்த விடையையும் அனுமதிக்கும் வசதி தீயரணில் இருக்க வேண்டும்.

கோப்பு வந்தும் கணினி அசையாமல் இருந்தால், பழைய பயாஸ் கணினிக்கு யுஇஎஃப்ஐ கோப்போ, யுஇஎஃப்ஐ கணினிக்கு பயாஸ் கோப்போ போயிருக்கலாம். இரண்டும் கலந்த ஆய்வகத்தில் ஒரே கோப்பின் பெயரை எல்லோருக்கும் கொடுத்தால் பாதிக் கணினிகள் நின்றுவிடும். கணினி தன் வகையை டிஎச்சிபியின் 93-ஆம் விருப்பத்தில் சொல்கிறது. அதைப் பார்த்துப் பெயர் கொடுக்குமாறு வழங்கியை அமைக்க வேண்டும். லினக்ஸ் கருவகம் ஏறியபின் நின்றால் அது பிஎக்ஸ்இ கோளாறே அன்று. கருவகத்துக்கு வலை அட்டையின் இயக்கி தனியாகத் தேவை; முகவரியையும் அது மறுபடி கேட்டுப் பெறும்.

தொலைவும் வேகமும்

எல்லாம் சரியாக இருந்தும் தாமதம் ஆகலாம். டிஎஃப்டிபி இயல்பாக 512 பைட்டை அனுப்பி, அது சேர்ந்ததற்கான ஒப்புதல் வந்தபின்தான் அடுத்ததை அனுப்பும். 20 மெகாபைட் கோப்பில் இப்படி 40,960 துண்டுகள் உண்டு. மலைக்கும் அடிவாரத்துக்கும் போய்வர 20 மில்லிவிநாடி ஆகுமானால், ஒரு கணினிக்கே சுமார் பதின்மூன்றரை நிமிடம் பிடிக்கும். இணைப்பின் வேகத்தைக் கூட்டினாலும் இந்தக் காத்திருப்பு குறையாது. துண்டின் அளவை 1468 பைட்டாக உயர்த்தினால் அது ஐந்து நிமிடத்துக்குள் வரும். சிறிய ஐபிஎக்ஸ்இ நிரலை மட்டும் டிஎஃப்டிபியில் கொடுத்து, மற்றவற்றை எச்டிடிபி வழியாக அனுப்புவது அதைவிட மேல்.

ஆனால் 20 கணினிகளும் ஒரே நேரத்தில் தொடங்கினால் இணைப்பே திணறும். மழையில் இணைப்பு அறுந்தால் வகுப்பே நிற்கும். இத்தகைய இடத்துக்குப் பொருத்தமான ஏற்பாடு, கோப்புகளைப் பள்ளியிலேயே ஒரு சாதாரணக் கணினியில் வைப்பதுதான். அதில் டிஎன்எஸ்மாஸ்க் நிரலைப் பதிலி முறையில் இயக்கினால், முகவரி வழக்கம்போல் திருப்பத்தூரிலிருந்து வரும். கோப்பின் பெயரையும் கோப்பையும் உள்ளூர்க் கணினி கொடுக்கும். இணைப்பு அறுந்த நாளிலும் வகுப்பு நடக்க வேண்டுமானால் முகவரி வழங்கும் பணியையும் அதற்கே கொடுத்துவிடலாம். அப்போது திசைவியில் முகவரை அகற்ற மறக்கக் கூடாது. இல்லையெனில் இரு வழங்கிகளும் விடை சொல்லும், எது முந்துமோ அதைக் கணினி பிடித்துக்கொள்ளும். புதிய பதிப்புகளை இரவில் கீழிருந்து படியெடுத்துக்கொள்ளலாம்.