பெரிய மீன்தொட்டிக்கு ஏற்ற வடிகட்டி

அலங்கார மீன் வளர்ப்போர் சிலர் வீட்டிலேயே எட்டடி நீளமான தொட்டிகளை அமைக்கின்றனர். கண்ணாடிக்கும் மீனுக்கும் பெரும்பணம் செலவிட்டபின், வடிகட்டியை மட்டும் மலிவு பார்த்து வாங்குகின்றனர். நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கவும் மீன்கள் மேலே வந்து மூச்சுவாங்கி மடிவது பெரும்பாலும் இதனாலேயாகும்.

அழுக்கைத் தடுப்பது வடிகட்டியின் சிறிய வேலையே. மீனின் செவுள்வழியாகவும் எஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா நீரிற் சேர்கின்றது. அது கண்ணுக்குப் புலப்படாத நஞ்சு. வடிகட்டியிற் குடியேறும் பற்றீரியாக்கள் ஒட்சிசனின் உதவியால் அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் தீமை குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. மிளகாய்ப் பாத்தியில் இட்ட யூரியா நைத்திரேற்றாவதும் இத்தகைய தொழிலினாலேயாம். நீர் கட்டிய வயற்சேற்றில் ஒட்சிசன் குன்றுவதால் அத்தொழில் தடைப்படும். ஆகவே வடிகட்டி பாத்தியைப்போற் காற்றோட்டமுடையதாயிருத்தல் வேண்டும், சேற்றைப்போல் அடைபட்டிருத்தலாகாது.

8 அடி நீளமும் 3 அடி அகலமும் 2½ அடி நீராழமுமுள்ள தொட்டி ஏறக்குறைய 1,700 லீற்றர் கொள்ளும். அந்நீர் முழுவதும் மணிக்கு மூன்று தடவையாவது வடிகட்டியினூடாகச் செல்லவேண்டுமாயின், 5,100 லீற்றர் இறைக்கும் பம்பி தேவை. பம்பியிற் பொறித்துள்ள அளவு நீரை உயர்த்தாதவிடத்துக் கிடைப்பதாகும். நாலடி உயர்த்துங்கால் அது வெகுவாகக் குறையும். எனவே சற்றுப் பெரியதையே தெரிதல் நன்று.

மூடிய குப்பிவடிகட்டி அடக்கமானது, ஓசையற்றது. ஆயினும் இவ்வளவு நீருக்கு இரண்டேனும் வேண்டும். மின்சாரம் நின்றால் அதனுள் அடைபட்ட நீரில் ஒட்சிசன் தீர்ந்து பற்றீரியாக்கள் மடியும். 2022ஆம் ஆண்டில் நாள்தோறும் பலமணிநேரம் மின்வெட்டு நிகழ்ந்ததை எவரும் மறந்திரார்.

இதனிலும் சிறந்தது கீழ்த்தொட்டி முறையாகும். மேற்றொட்டியில் வழியும் நீர் கீழேயுள்ள மற்றொரு தொட்டிக்கு விழும்போதே காற்றை ஏற்கின்றது. அங்கே பஞ்சில் அழுக்கு நின்றபின், துளைகள் மிகுந்த மட்கல வளையங்களூடாகவோ சிறு பிளாத்திக்குக் குழாய்த் துண்டுகளூடாகவோ சென்று மேலே திரும்பும். பம்பி நின்றவுடன் மேலிருந்து வடியும் நீரைக் கொள்ளக் கீழ்த்தொட்டியில் வெற்றிடம் விடுதல் இன்றியமையாதது. விடாதோர் வீட்டு நிலம் வெள்ளமாகும்! மின்கலத்தில் இயங்கும் காற்றுப்பம்பியொன்றையும் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும்.

பற்றீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதுவரை மீன்கள் சிலவே போதும். வளையங்களைக் குளோரீன் கலந்த குழாய்நீரிற் கழுவலாகாது, தொட்டிநீரிலேயே அலசுக. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் கிணற்றுநீர் போன்ற காரநீரில் அமோனியாவின் நஞ்சு மிகும். அங்கே மீன்களின் தொகையைக் குறைத்தல் தகும்.

நைத்திரேற்றை இவ்வடிகட்டிகள் அகற்றா. கிழமைதோறும் நாலிலொரு பங்கு நீரை மாற்றுதல் வேண்டும். உப்போ மருந்தோ கலவாத நீராயின், வெளியேற்றுவதை வாழைக்கும் கத்தரிக்கும் பாய்ச்சலாம்.