உங்களுக்குத் தெரியுமா? சின்னத் தோட்டாதான் பெரிய ஆபத்து!

ராசிங்காபுரம் போன்ற மலையடிவார ஊர்களில் காட்டுப்பன்றித் தொல்லை புதிதல்ல. பயிர்க்காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர 1959 ஆயுதச் சட்டத்திலேயே இடம் உண்டு. தோட்டா போடும் துப்பாக்கிகளில் பரவலானது 12 போர்.

ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் அதில் ஒன்றின் விட்டமே இதன் குழல் அளவு: சுமார் 18.5 மி.மீ. ஆக, எண் கூடினால் குழல் சிறுக்கும். 20 போர் சுமார் 15.6 மி.மீ.தான்.

வினை இங்கேதான். 12 போரில் 20 போர் தோட்டாவைப் போட்டால் அது உள்ளே வழுக்கிப்போய்க் குழலில் சிக்கிக்கொள்ளும். விசையை இழுத்தால் வெடிக்காது. தோட்டா போடவே இல்லையோ என்று நினைத்து, பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும். முதலில் போவது குழலைத் தாங்கும் கை. இதற்காகவே பல நாடுகளில் 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் உறை.

நாட்டுத் துப்பாக்கியும் விலக்கல்ல. கரிமருந்துக்கான குழலில் புகையில்லா நவீன மருந்தைக் கெட்டித்தால் அழுத்தம் தாங்காது. உரிமம் வைத்திருப்பவரே, சுடாத துப்பாக்கியைத் திறந்து, குழலில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாராமல் மறு தோட்டா போடாதீர்கள்!