முள்ளை முள்ளால் எடுக்கலாமா?

மயிலிட்டி மக்கள் 1990 ஜூனில் ஊரைவிட்டு வெளியேறியபோது அவர்களுள் எவரும் இருபத்தேழு ஆண்டுகள் கழித்தே திரும்புவோம் என எண்ணியிருக்கவில்லை. 2017 ஜூலையில் துறைமுகத்தை அண்டிய காணிகளின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டு உள்ளே சென்றபோது, வீட்டுவாசல் எது, கிணற்றடி எது என அடையாளம் காண முடியாதவாறு பற்றைக்காடு மூடியிருந்தது. உடைமரமும் ஈச்சையும் நாகதாளியும் முற்றத்தில் வளர்ந்து நின்றன. அதே 1990 இன் ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம்களும், ஆண்டுகள் பல கழிந்து சோனகத் தெருவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் தம் வீடுகளைத் தேடி வந்தபோது கூரையற்ற சுவர்களுக்குள் மரங்களையே கண்டனர். இவ்விரு சாராரும் மீள்குடியேற்றத்தின் முதல் வேலையாகச் செய்தது கத்தியும் மண்வெட்டியும் எடுத்துப் பற்றை வெட்டியதே. அந்த வேலை இன்னமும் முடிந்தபாடில்லை. வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்படாத காணிகளும் உள்ளன. அவை விடுபடும் நாளிலும் இதே காட்சியே காத்திருக்கும்.

காணி, உறுதி, இழப்பீடு, வீட்டுத்திட்டம் ஆகியவை பற்றி இப்பக்கத்தில் எழுதாத மாதமில்லை. இன்று நாம் எழுத எடுத்துக்கொண்டது அவற்றோடு ஒப்பிடுகையில் மிகச் சிறிய விடயம். பற்றை வெட்டுபவரின் உள்ளங்கையில் ஏறும் முள், பழைய கூரையைப் பிரிப்பவரின் விரலில் ஏறும் பனஞ்சிராம்பு, துறைமுகத்தில் வலை தெரிபவரின் கையில் ஏறும் மீன்முள் என்பனவே அவை. சிறிய விடயம்தான். ஆனால், அதைத் தவறாகக் கையாண்டு விரலை இழந்தவர்களும் உயிரை இழந்தவர்களும் உள்ளனர்.

முள்ளை முள்ளால் எடு என்பது நம்மவர் வழக்கு. அரசியலுக்கு அது பொருந்துமோ என்னவோ, மருத்துவத்துக்குப் பொருந்தாது. வேலியில் ஒடித்த இன்னொரு முள்ளால் தோலைக் கிண்டுவது, மண்ணிலுள்ள கிருமிகளை இரண்டாம் முறையாக உள்ளே அனுப்புவதாகும். நமது முன்னோர் இதனை அறியாதவர்களல்லர். முள்வாங்கி என்றொரு சிறு சாவணத்தை அவர்கள் வைத்திருந்தனர். காதுக்குறும்பி எடுக்கும் கரண்டியோடு ஒரே வளையத்தில் கோத்துத் திறப்புக்கோவையில் தொங்கவிட்டிருந்த பெரியவர்களை நம்மிற் பலர் கண்டிருப்போம். இன்று மருந்துக் கடையில் வாங்கும் முள்வாங்கியே இப்பணிக்குரிய முதற் கருவி.

முதலில் கைகளையும் சிராம்பு ஏறிய இடத்தையும் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கழுவ வேண்டும். மரச்சிராம்பாயின் நெடுநேரம் நீரில் ஊறவைத்தல் கூடாது. மரம் நீரை உறிஞ்சிப் பருத்துவிட்டால் வெளியே இழுக்கையில் முறியும். முள்வாங்கியை ஸ்பிரிட்டினால் துடைத்து, வெளிச்சம் நன்கு விழும் இடத்தில் அமர்ந்து, இயலுமாயின் உருப்பெருக்கிக் கண்ணாடியினூடாக, சிராம்பு எந்தச் சாய்வில் நுழைந்ததோ அதே சாய்வில் மெதுவாக இழுக்க வேண்டும். நேரே மேல்நோக்கி இழுப்பதனாலேயே பெரும்பாலானவை உள்ளே முறிகின்றன. தோலைப் பிதுக்கினாலும் அதுவே நேரும். பனஞ்சிராம்பில் இது குறிப்பாக உண்மை. பனையின் கரிய நார் இரும்பைப் போல வலியது எனினும், நீளவாக்கில் இலகுவாகப் பிளக்கும். ஒரு நார் வந்துவிட்டதென எண்ணி நாம் ஆறுதலடைய, மற்றைய நார் உள்ளேயே தங்கிவிடும்.

நுனி வெளியே தெரியாது தோலுக்கடியில் படுத்திருந்தால், ஸ்பிரிட்டினால் துடைத்த ஊசியைக் கொண்டு அதன் மேலுள்ள மெல்லிய தோலை மாத்திரம் கீறித் திறந்து, நுனியை உயர்த்தி, பின்னர் முள்வாங்கியால் பற்றலாம். இதற்குச் சில நிமிடங்களே போதும். அதற்குள் வராவிடின் நிறுத்திவிடுவதே அறிவு. ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியை மற்றவருக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் இங்கு சொல்லி வைக்கிறோம். எடுத்த பின் மீண்டும் கழுவி, கிருமிநாசினி இட்டு, சுத்தமான துணியால் மூடினால் போதுமானது.

எருக்கம்பால் விட்டால் முள் தானாக வெளியேறும் என்பார் உளர். அப்பால் தோலைப் புண்ணாக்கும். கையிலிருந்து கண்ணுக்குச் சென்றால் பார்வையையே பாதிக்கும். சாணிச் சாம்பலும் மூக்குப்பொடியும் வைத்துக் கட்டுவது அதனினும் கேடு.

ஏனெனில், சிராம்பைவிட அஞ்சத்தக்கது ஏற்புவலியே. துருவே அதற்குக் காரணம் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் அதன் கிருமி மண்ணிலும் கால்நடைகளின் சாணத்திலும் வித்து வடிவில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். காற்றுப் புகாத ஆழமான, சிறிய துளையே அதற்கு உகந்த இடம். பெரிய வெட்டுக்காயத்துக்கு ஓடி ஊசி போடும் நாம், முள் குத்திய துளையை மறந்துவிடுகிறோம். பெரும்பாலும் மூன்று நாள் முதல் மூன்று வாரங்களுக்குள் தாடை இறுகி, விழுங்குதல் கடினமாகி, உடல் வில்லாக வளையும் நிலை ஏற்படலாம். இலங்கையில் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் 1978 இல் ஆரம்பமானது. அதன் பின் பிறந்தோர் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலும் பாடசாலையிலும் ஊசி பெற்றிருப்பர். பெண்களுக்குக் கர்ப்ப காலத்திலும் ஏற்றப்படுகிறது. ஆகவே, பாதுகாப்புக் குறைந்தவர்கள் அதற்கு முன் பிறந்த ஆண்களே. காணி துப்புரவு செய்ய முன்னிற்பவர்களும் அவர்களே. ஊசிகளை முழுமையாகப் பெற்றவராயினும், ஆழமான அல்லது மண்பட்ட காயம் ஏற்பட்டு, இறுதி ஊசிக்குப் பின் ஐந்து ஆண்டுகள் கடந்திருப்பின் மீண்டும் ஏற்றிக்கொள்ள வேண்டும். முன்னர் ஊசி பெற்றதே நினைவில் இல்லாதவர் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

கடற்றொழிலாளருக்குத் தனியே ஒரு குறிப்பு. 2019 ஆகஸ்டில் முதற்கட்டப் புனரமைப்பின் பின் திறக்கப்பட்ட மயிலிட்டித் துறைமுகத்தில் மீண்டும் வள்ளங்கள் கட்டப்படுகின்றன. திருக்கையின் வாலிலும் கெளிற்றின் செட்டையிலும் உள்ள முட்கள் நஞ்சுடையவை. குத்தியவுடன் பொறுக்கத்தக்க சூட்டில், ஏறத்தாழ 45 பாகை செல்சியஸ் வெந்நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அவ்வுறுப்பை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். குத்துண்ட கை சூட்டை உணராதிருக்கலாம். ஆகவே மற்றக் கையால் சூட்டைப் பார்த்த பின்னரே அமிழ்த்த வேண்டும். முள் முறிந்து ஆழத்தில் இருந்தாலோ, நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தாலோ அதைத் தொடாமல் வைத்தியரிடம் செல்வதே வழி.

கண்ணருகே, நகத்தின் அடியில், மூட்டின் மேல் ஏறியவற்றையும் கண்ணாடித் துண்டுகளையும் வீட்டில் எடுக்க முயலக் கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். பாத உணர்வு மங்கிய ஒருவர் கோயில் வீதியிலோ பள்ளிவாசல் முற்றத்திலோ வெறுங்காலுடன் நடக்கையில் முள் ஏறியதையே அறியமாட்டார். இரவில் படுக்குமுன் உள்ளங்காலைப் பார்ப்பது அவர்களுக்கு அன்றாடக் கடமையாதல் வேண்டும்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் உள்ளே ஒன்றும் இல்லை எனக் கொள்ளலாகாது. உலோகமும் கண்ணாடியும் அதில் தெரியும். மரமும் முள்ளும் பெரும்பாலும் தெரியா. அவற்றை அல்ட்ராசவுண்ட் பரிசோதனையே காட்டக்கூடும். வாரங்கள் கழிந்தும் புண் ஆறாமல் சீழ் கட்டினால், அல்லது முழங்காலில் முள் குத்திய சிறுவனுக்கு மூட்டு வீங்கினால், பழைய முள்ளை வைத்தியருக்கு நினைவூட்ட வேண்டியவர்கள் பெற்றோரே.

உலோகத் துண்டு என்றதும் நம் மக்களுக்கு நினைவு வருவது வேறொன்று. எறிகணைச் சிதறல்களை உடலில் சுமந்தவாறு வாழ்வோர் நம்மிடையே பலர். அவற்றைத் தாமே தோண்ட முற்படலாகாது. நரம்புக்கோ குருதிக்குழாய்க்கோ அருகிலிருப்பவற்றை வைத்தியர்களே பல வேளைகளில் விட்டுவைக்கின்றனர். ஆனால் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்குச் செல்ல நேர்ந்தால் அதை மறைக்காது முன்கூட்டியே கூறிவிட வேண்டும். அங்குள்ள வலிய காந்தம் அத்துண்டை அசைக்கவல்லது. பற்றை வெட்டுகையில் மண்ணுள் இனந்தெரியாத உலோகப் பொருள் தட்டுப்பட்டால், அவ்விடத்திலேயே வேலையை நிறுத்தி, வந்த தடத்தில் திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ அறிவிக்க வேண்டும்.

தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை மயிலிட்டியிலிருந்து தொலைவில் இல்லை. அங்கு செல்வோர் குத்தியது எது, எப்போது, இறுதியாக ஏற்பு ஊசி போட்டது எந்த ஆண்டு என்பவற்றைச் சொல்லத் தெரிந்திருத்தல் நன்று. முறிந்த சிராம்பின் வெளியே வந்த பாதியை எறிந்துவிடாமல் கையோடு எடுத்துச் சென்றால், உள்ளே எவ்வளவு மீதமுள்ளதென வைத்தியர் மதிப்பிட அது உதவும்.