கதிர்வீச்சு என்ற ஒற்றைச் சொல்

திருச்செந்தூர் வட்டாரத்தில் உயர் அழுத்த மின்கம்பி பாதையைக் கடக்கும் இடம் ஏதாவது ஒன்றில், பனி விழுந்த விடியற்காலையில் வண்டியை நிறுத்தி ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். தலைக்கு மேலே எண்ணெயில் வடகம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். வெயில் ஏறினால் அது அடங்கிவிடும். மழை நாளில் கூடும். "கரண்டு ஒழுகுது" என்பார்கள் ஊரில்.

அந்தச் சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் கடல்தான். உப்புக் காற்று கம்பியைத் தாங்கும் பீங்கான் தட்டுகளில் படிகிறது. பனி அதை நனைக்கிறது. நனைந்த உப்பு மின்சாரத்தைக் கொஞ்சம் கடத்தும். தட்டின் மேலேயும் கம்பியைச் சுற்றியுள்ள ஈரக் காற்றிலும் சிறுசிறு பொறிகள் வெடிக்கின்றன. கடலோர மின்பாதைகளில் அவ்வப்போது பீங்கானைக் கழுவுவதற்கும் இதுதான் காரணம். ஆனால் கீழே நின்று கேட்பவருக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று மேலேயிருந்து தம்மீது சொட்டுகிறது என்று தோன்றுகிறது. அந்த ஏதோ ஒன்றுக்குத் தமிழில் நாம் வைத்திருக்கும் பெயர் 'கதிர்வீச்சு'.

சிக்கலே இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. கூடங்குளம் அணு உலையில் இருப்பதும் கதிர்வீச்சு, மொட்டை மாடி செல்போன் டவரிலிருந்து வருவதும் கதிர்வீச்சு, கம்பியைச் சுற்றி இருப்பதும் கதிர்வீச்சு. அந்த உலைக்கு எதிரான இடிந்தகரைப் போராட்டத்தைப் பக்கத்திலிருந்து பார்த்த மக்களுக்கு இந்தச் சொல் எப்படிக் காதில் விழும் என்று விளக்க வேண்டியதில்லை.

மூன்றும் ஒன்றல்ல. அணுவிலிருந்து வருவது உடம்பின் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறியும் வலு உள்ளது. மரபணு முறிவது அதனால்தான். டவரின் ரேடியோ அலைக்கு அந்த வலு கிடையாது. நாம் கண்ணால் பார்க்கும் சாதாரண வெளிச்சத்தின் ஒரு துகளில் இருக்கும் ஆற்றல், டவர் அலையின் ஒரு துகளில் இருப்பதைப் போலப் பல லட்சம் மடங்கு. டவர் அலை மிகுந்த வலுவோடு பட்டால் உடம்பைச் சூடாக்கும், அவ்வளவுதான் இதுவரை உறுதியாகத் தெரிந்த விளைவு. மின்கம்பியின் கதை இன்னும் வேறு. விநாடிக்கு 100 முறை திசை மாறும் அந்த மின்சாரம் தன்னைச் சுற்றி ஒரு மின்புலத்தையும் ஒரு காந்தப்புலத்தையும் வைத்திருக்கிறது. எட்டத்துக்கு வீசுவது என்று அதில் சொல்லத்தக்கது எதுவும் இல்லை. விலகி நடந்தால் புலமும் தேய்ந்துவிடும்.

அசல் கதிரியக்கம் வேண்டுமானால் நம் கடற்கரையிலேயே இருக்கிறது. மணவாளக்குறிச்சித் தாது மணலில் உள்ள மோனசைட்டில் தோரியம் உண்டு. கேரளத்தில் அதே வகை மணல் நிறைந்த கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, அங்கே புற்றுநோய் கூடுதலாக இல்லை என்றது. அதை மட்டும் வைத்து அணு உலைக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது. அளவு முக்கியம் என்பதற்காகச் சொல்கிறேன்.

டவருக்கு வருவோம். டவருக்கு நேர் கீழே குடியிருப்பவர்கள்தான் அதிகம் பயப்படுகிறார்கள். மணப்பாடு கலங்கரை விளக்கத்தின் காலடியில் இரவில் நின்றவர்களுக்கு ஒன்று தெரியும். ஒளி தலைக்கு மேலே கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும், காலடி இருட்டாக இருக்கும். டவரில் நீளவாக்கில் மாட்டியிருக்கும் பலகை ஆன்டெனாவும் அப்படித்தான், அலையைக் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக எட்டத்துக்கு அனுப்புகிறது. ஆகவே எதிர்வரிசையில் அதே உயரத்தில் இருக்கும் மாடிக்குத்தான் கொஞ்சம் கூடுதலாக வரும்.

எவ்வளவு வரும்? ஒரு கணக்குப் போடலாம். ஆன்டெனாவுக்குள் 20 வாட் போகிறது, அது அந்த ஆற்றலை ஒரு திசையில் 50 மடங்கு குவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டர் தள்ளி, நேர் பாதையிலேயே நின்றால், ஒரு சதுர மீட்டரில் விழுவது சுமார் 0.03 வாட். மூன்று நிறுவனங்கள் ஒரே டவரில் இருந்தாலும் 0.1 வாட். 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு உலக அளவில் ஏற்கப்பட்ட வரம்பு சதுர மீட்டருக்கு 4.5 வாட். இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் அதைப் பத்தில் ஒன்றாக, 0.45 வாட்டாகக் குறைத்தது. நடுப்பகல் திருச்செந்தூர் வெயில் அதே சதுர மீட்டரில் ஏறக்குறைய 1,000 வாட் கொட்டுகிறது.

'ஆனால் உலக சுகாதார நிறுவனமே புற்றுநோய் வரும் என்று சொல்லிவிட்டதே' என்பது அடுத்த கேள்வி. அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மின்கம்பியின் காந்தப்புலத்தை 2002இலும் ரேடியோ அலையை 2011இலும் '2பி' என்ற வகையில் சேர்த்தது உண்மை. 2பி என்றால், புற்றுநோயை உண்டாக்கக்கூடும், ஆனால் சான்று வலுவாக இல்லை என்று பொருள். அதே வகையில் சோற்றுக்கற்றாழையின் முழு இலைச் சாறும், ஆசிய முறையில் போட்ட காய்கறி ஊறுகாயும் இருக்கின்றன. நிச்சயம் உண்டாக்கும் என்ற முதல் வகையில் புகையிலை, கொட்டைப்பாக்கு, மது, வெயில் ஆகியவை இருக்கின்றன. ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எல்லாருக்கும் மகிழ்ச்சிதான். அதற்குள் மடிக்கும் பாக்கைப் பற்றி யாரும் மனுக் கொடுப்பதில்லை. இந்த வகைப்பாடு சான்றின் உறுதியைச் சொல்கிறது, ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை. 2011 முடிவுக்கு முக்கிய அடிப்படையும் காதோடு ஒட்டிப் பேசும் போன்தான், டவர் அல்ல. பின்னர், உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் 63 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2024இல் வந்த தொகுப்பாய்வு, போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை.

மின்கம்பி விஷயத்தில் இவ்வளவு சுலபமாகக் கதவைச் சாத்த முடியாது. 1979இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தொடங்கிய சந்தேகம் இது. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2000இல் பார்த்தபோது, வீட்டுக்குள் சராசரி காந்தப்புலம் 0.4 மைக்ரோ டெஸ்லாவைத் தாண்டிய குழந்தைகளிடம் இரத்தப் புற்றுநோய் சுமார் இரண்டு மடங்கு தெரிந்தது. அத்தகைய வீடுகளில் இருந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. நோயும் அரிது. காந்தப்புலம் அதை எப்படி உண்டாக்கும் என்பதற்கு வழிமுறை எதுவும் இன்றுவரை பிடிபடவில்லை. அதனால் இது தற்செயலா, ஆய்வில் ஆள் தேர்ந்த முறையின் கோணலா, உண்மையா என்ற வாதம் தீரவில்லை. 400 கிலோவோல்ட் பாதைக்கு இருபுறமும் சேர்த்து 46 மீட்டர் அகலம் விடச் சொல்வது மின்விபத்தைத் தடுக்கவே என்றாலும், அதைத் தாண்டியும் சற்றுத் தள்ளி வீடு கட்டிக்கொள்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. நூறு மீட்டர் தாண்டினால் காந்தப்புலம் மிகவும் தேய்ந்துவிடும்.

கம்பிக்கடியில் டியூப்லைட்டைப் பிடித்தால் இணைப்பே இல்லாமல் எரிகிறதே என்று காட்டுவார்கள். எரியும், ஏமாற்று வேலை இல்லை. குழாய்க்குள் இருக்கும் வாயு மின்புலத்தில் மினுங்குகிறது. அந்த மின்புலத்தை ஒரு சுவரும் ஒரு வேப்பமரமும் பெருமளவு மறைத்துவிடும். ஆனால் கம்பிக்கடியில் தரையோடு இணைக்காத முள்வேலியைத் தொட்டால் சுரீர் என்று அடிக்கும்.

உயிரைக் கண்ணெதிரே எடுப்பது வேறு. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். தேரும் சப்பரமும் ஓடாத மாதம் இல்லாத நம் பக்கத்தில், தாழ்ந்து தொங்கும் கம்பியைப் பற்றித்தான் முதல் மனு போக வேண்டும் என்பேன்.

பிறகு ஏன் டவருக்கும் மின்கம்பிக்கும் எதிரான மனுக்களில் 'கதிர்வீச்சு' என்றே எழுதுகிறார்கள்? என் ஊகம் இது. மின்பாதை அமைப்பவர்கள் 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தைக் கொண்டே மின்கோபுரம் நட நிலத்தில் இறங்கினார்கள். நிலக்காரரின் சம்மதம் அதற்குத் தேவைப்படவில்லை. 2018 டிசம்பரில் கொங்கு விவசாயிகள் வயலில் உட்கார்ந்து போராடியது இழப்பீட்டுக்காகவும், கம்பியைச் சாலையோரம் புதைத்துக் கொண்டுபோகச் சொல்லியும்தான். கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு 30 சதவீதம் என்று மத்திய மின்துறை வழிகாட்டுதல் வந்தது 2024இல். பக்கத்து வீட்டு மாடியில் டவர் வந்தால் வாடகை அந்த வீட்டுக்கு, ஜெனரேட்டர் புகையும் இரைச்சலும் தெருவுக்கு. 'என்னைக் கேட்கவில்லை' என்ற மனுவைக் கண்டுகொள்ளாத அலுவலகம், 'என் பிள்ளைக்கு ஆபத்து' என்ற மனுவைப் பிரித்தாவது பார்க்கும்.

டவரை அளக்க வழி இருக்கிறது. தொலைத்தொடர்புத் துறை 2017இல் தொடங்கிய 'தரங் சஞ்சார்' தளத்தில் நம் தெரு டவர் விதிக்குள் இருக்கிறதா என்று பார்க்கலாம். 4,000 ரூபாய் கட்டினால் ஆள் வந்து அளப்பதற்கும் ஏற்பாடு வைத்தார்கள். ஒரு தெருவில் நாற்பது வீடு இருந்தால் வீட்டுக்கு நூறு ரூபாய். அந்தச் செலவை ஏன் தெரு ஏற்க வேண்டும் என்று கேட்டால், நியாயமான கேள்விதான்.

டவரை எடுத்துவிட்டால் நடப்பது இன்னொன்று. சிக்னல் மங்கியதும் போன் தன் சக்தியைக் கூட்டிக்கொண்டு எட்டத்து டவரைக் கூப்பிடும். சூரசம்ஹாரத்தன்று திருச்செந்தூர்க் கடற்கரையில் லட்சக்கணக்கான பேர் நிற்கும்போது சிக்னல் சரியாகக் கிடைக்காமல், வேட்டி மடிப்பில் சொருகிய போன் சுடச்சுட இருப்பதை இடுப்பே சொல்லும்.