கரடிக் களமும் சதுரங்கப் பலகையும்

புலம்பெயர் நாடுகளில் எங்கள் பிள்ளைகள் சேக்ஸ்பியரைப் பரீட்சைக்காகப் படிக்கிறார்கள். அந்த நாடகங்கள் அன்று எதனோடு போட்டி போட்டு நடந்தன என்பது பாடப் புத்தகத்தில் அதிகம் வராது. கணக்கெழுதிப் பிழைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இதற்குள் நுழைய ஒரு நல்ல வாசல் உண்டு. அது பிலிப் ஹென்ஸ்லோவின் கணக்குப் புத்தகம்.

ஹென்ஸ்லோ லண்டனில் ரோஸ் நாடக அரங்கின் சொந்தக்காரர். 1592 முதல் அவர் எழுதிய வரவு செலவு இன்றும் டல்விச் கல்லூரியில் இருக்கிறது. அவருக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. கரடியைக் கம்பத்தில் கட்டி, நாய்களை ஏவிவிட்டு, காசு வாங்கிக்கொண்டு காட்டுவது. தேம்ஸ் நதியின் தென்கரையில் நாடக அரங்கும் கரடிக் களமும் கிட்டக்கிட்ட இருந்தன. இரண்டும் எதிர்பார்த்தது அதே சனத்தின் அதே ஒரு பென்னியைத்தான். 1613இல் 'ஹோப்' அரங்கைக் கட்ட அவர் செய்த ஒப்பந்தத்தில், மேடை கழற்றி எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. ஒருநாள் நாடகம், இன்னொரு நாள் கரடி. அடுத்த ஆண்டு அங்கே நாடகம் போட்ட பென் ஜோன்சன், அந்த இடத்தின் நாற்றத்தைத் தன் முன்காட்சியிலேயே பகிடி பண்ணினார். கொடுத்த காசின் அளவுக்குத்தான் குறை சொல்லலாம் என்று பார்வையாளரோடு ஒரு வேடிக்கை ஒப்பந்தமும் போட்டார்.

ஆங்கிலத்தில் விளையாட்டுக்கும் நாடகத்துக்கும் ஒரே சொல்தான், 'பிளே'. எங்கள் 'ஆட்டம்' போல. எழுத்தாளர்கள் இந்த ஒற்றுமையை நன்றாகப் பயன்படுத்தினார்கள். 1603இல் தோமஸ் ஹேவுட் எழுதிய 'அன்பால் கொல்லப்பட்ட பெண்' நாடகத்தில் கணவன், மனைவி, அவளுடைய கள்ளக் காதலன் மூவரும் இருந்து காட்ஸ் விளையாடுகிறார்கள். கணவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தெரியாதவர்போல் சீட்டைப் பற்றியே பேசுகிறார். ஒவ்வொரு வார்த்தைக்கும் இரண்டு அர்த்தம், அது சபைக்கு விளங்குகிறது. (ஹென்ஸ்லோவின் புத்தகத்தில் இந்த நாடகத்தை எழுதியவருக்குக் கொடுத்தது 6 பவுண். அதில் அணிய வாங்கிய கறுப்பு வெல்வெட் கவுணுக்கு 6 பவுண் 13 சிலிங். கலைஞர் நிலைமை அன்றும் அப்படித்தான்.)

இதில் உச்சம் 1624 ஓகஸ்டில் குளோப் அரங்கில் நடந்த 'ஒரு சதுரங்க ஆட்டம்'. தோமஸ் மிடில்டன் எழுதியது. வெள்ளைக் காய்கள் இங்கிலாந்து, கறுப்புக் காய்கள் ஸ்பெயின். உயிரோடிருக்கும் கிறிஸ்தவ மன்னரை மேடையில் காட்டத் தடை இருந்தது. அதனால் மன்னர் ஒரு காயாக வந்தார். கறுப்புக் குதிரை யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. முன்னாள் ஸ்பானியத் தூதர் கொண்டோமாரின் பழைய உடுப்பையே நடிகர்கள் தேடி வாங்கிப் போட்டிருந்ததாக அக்காலக் கடிதமொன்று சொல்கிறது. பெயரைச் சொல்லாமல் பேசிப் பழகிய எங்கள் தலைமுறைக்கு இந்த வித்தையை விளக்கத் தேவையில்லை. கடைசியில் கறுப்புக் காய்களை ஒவ்வொன்றாகச் சாக்குக்குள் போட்டுவிடுகிறார்கள்.

ஒன்பது நாள் சனம் நிறைந்து வழிந்தது. அந்த நாளில் ஒரு நாடகம் இப்படித் தொடர்ந்து ஓடுவது வழக்கமில்லை. பிறகு ஸ்பானியத் தூதர் அரசரிடம் முறையிட, நாடகம் நிறுத்தப்பட்டது. மிடில்டன் தலைமறைவானார், விசாரணைக்கு அவருடைய மகனைக் கொண்டுபோனார்கள். ஆனால் நாடகம் கைமாறிக் கைமாறிப் பிரதியெடுக்கப்பட்டது. அவற்றில் ஆறு கையெழுத்துப் பிரதிகள் இன்றும் இருக்கின்றன. ஒன்று மிடில்டனே தன் கையால் எழுதியது.