சொல்லே படைப்பு: யூத மறைஞானமும் தொடக்ககாலக் கிறித்துவமும்

எபிரேய மொழியில் 'தாவார்' என்பது சொல்லையும் குறிக்கும், பொருளையும் குறிக்கும். தமிழில் 'பொருள்' என்பது சொல்லின் கருத்தையும் கைக்கு எட்டும் பண்டத்தையும் ஒருங்கே சுட்டுவதை அறிந்த நமக்கு இது வியப்பளிக்காது. எபிரேய மறைநூலின் முதல் அதிகாரத்தில் கடவுள் உரைக்கிறார், உலகம் உண்டாகிறது. அங்கே சொல்லே படைப்புக் கருவி.

இக்கருத்து யூத மரபில் பலவாறு வளர்ந்தது. தொழுகைக் கூடங்களில் எபிரேய மறை வாசிக்கப்பட்டபோது அதனை அரமேயத்தில் மொழிபெயர்த்துரைத்தனர். அவ்வுரைகளே தர்கூம்கள். ஏதேன் தோட்டத்தில் ஆதாமும் ஏவாளும் கடவுளின் குரலைக் கேட்ட இடத்தை, ஓங்கெலோஸ் தர்கூம், 'ஆண்டவருடைய மெம்ராவின் குரல்' எனப் பெயர்க்கிறது. 'மெம்ரா' என்பது 'சொல்லுதல்' என்னும் வினையடியிற் பிறந்த பெயர். கிரேக்கத்தில் எழுதிய யூத மெய்யியலாளர் ஃபிலோ, கடவுள் உலகைப் படைத்த கருவியை 'லோகோஸ்' என்றார். 'செஃபெர் யெட்சிரா' என்னும் மறைஞான நூலோ, 22 எபிரேய எழுத்துகளாலும் 10 செஃபிராக்களாலும் உலகம் உருவானதாகக் கூறுகிறது.

யோவான் நற்செய்தியின் முகவுரையும் படைப்புக்கு முன்பே 'லோகோஸ்' இருந்ததென்கிறது. இச்சொல்லைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'வார்த்தை' என்றும், 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'வாக்கு' என்றும் பெயர்த்துள்ளன.

அங்ஙனமாயின், யார் யாரிடம் கடன் பெற்றனர்? ஒலியொத்த இரு சொற்களைக் கண்டதும் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததென மொழியியலார் முடிவுகட்டுவதில்லை. இரண்டுக்கும் பொதுவான மூலமொழி உண்டா என்று முதலில் ஆராய்வர். இங்கும் அம்முறையே பொருந்தும். செஃபெர் யெட்சிராவின் காலம் குறித்து அறிஞரிடையே ஒத்த கருத்தில்லை. தர்கூம்கள் இன்றைய எழுத்து வடிவம் பெற்றதும் யோவானுக்குப் பின்னரே. ஆகவே நேரடிக் கடன் எனக் கொள்ளச் சான்று போதாது. மெம்ரா என்பது கடவுளை மதிப்புடன் சுட்டும் வழக்கு மட்டுமே என்று ஜார்ஜ் ஃபுட் மூர் 1922இல் வாதிட்டார். யோவான் முகவுரையின் தொடக்க வரிகளே ஆதியாகமத்துக்கு எழுந்த யூத விளக்கவுரைதான் என்று டேனியல் பொயாரின் 2001இல் எழுதினார். பொதுமூலம் ஒன்றைக் கொள்ளும் பின்னவர் கருத்தே எனக்கு ஏற்புடையது.

பிரிவு பின்னரே நேர்கிறது. அந்த லோகோஸ் மனித உடல் எடுத்ததாக யோவான் முடிக்கிறார். யூத மறைஞானத்தில் அது எழுத்தாகவே நிலைத்தது. இவ்வேறுபாடு பெரிது, அதனை மழுப்புதல் இரு சமயத்தார்க்கும் நேர்மையாகாது. எனினும், அதற்கு முந்திய வரிகள் இருவர்க்கும் பொது. அதை மறந்த ஐரோப்பாவில் யூதர் பல நூற்றாண்டுகள் அந்நியராக நடத்தப்பட்டு அல்லலுற்றனர். ஒரு சொல்லின் வரலாற்றைச் சரியாக அறிவது ஏட்டறிவுக்கு மட்டும் உரிய செயலன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.