அகச்சிவப்பு ஒளியில் தோன்றும் பச்சை நிறம்

மனிதக் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியையே காண வல்லது. அதற்கு அப்பாலுள்ள அகச்சிவப்புக் கதிர் புலப்படாது என்பது பாடநூல்கள் கூறும் செய்தி. எனினும், ஆய்வுக்கூடங்களில் அகச்சிவப்பு லேசரைக் கையாண்டோர் சிலர் பச்சை நிற ஒளியைக் கண்டதாகக் கூறினர்.

இதன் காரணத்தை அமெரிக்க, போலந்து விஞ்ஞானிகள் அடங்கிய குழு 2014-இல் விளக்கியது. விழித்திரையிலுள்ள ஒளியுணர் நிறமி மாற்றமடையப் போதிய ஆற்றல் தேவை. அகச்சிவப்பு ஒளித்துகள் ஒன்றிடம் அவ்வாற்றல் இல்லை. ஆனால், இரு துகள்களை ஒரே நிறமி மூலக்கூறு ஒரே கணத்தில் உட்கவருமாயின், அவற்றின் ஆற்றல் ஒன்றுசேர்கிறது. 1,000 நானோமீட்டர் துகள்கள் இரண்டு சேர்ந்தால், 500 நானோமீட்டர் துகள் ஒன்றின் ஆற்றலுக்குச் சமமாகும். அதுவே பச்சையாகத் தோன்றுகிறது. இத்தகைய இரட்டைக் கவர்தல் இயலும் என்பதை மரியா கோப்பர்ட் மேயர் 1931-லேயே கோட்பாட்டளவில் விளக்கியிருந்தார்.

இரு துகள்கள் ஒருங்கே வந்து சேர்வது அரிது. ஒளிச்செறிவு இருமடங்கானால் அதற்கான வாய்ப்பு நான்மடங்காகும். எனவேதான், மிகக் குறுகிய துடிப்புகளில் ஆற்றலைச் செறித்துத் தரும் லேசரில் இவ்விளைவு எளிதில் புலனாகிறது.

விழித்திரையின் செயல்திறனைச் சோதிக்க இம்முறை உதவக்கூடும். ஆயினும், இக்கதிர் கண்வில்லையால் விழித்திரையில் குவிந்து, வலியின்றியே நிலையான பார்வையிழப்பை விளைவிக்க வல்லது. இமை மூடும் அனிச்சைச் செயலும் இங்குக் காப்பாகாது. தோன்றும் நிறத்தின் மங்கலைக் கொண்டு ஆபத்தைக் குறைவாக மதிப்பிடலாகாது. லேசரின் அலைநீளத்திற்கேற்ற காப்புக் கண்ணாடி அணிவது இன்றியமையாததாகும்.